ஒட்டுத் தெரியாத வட்டம்

பேக்கிங் டிராக் ஒன்றை லூப்பர் பெடலில் ஏற்றுவது, பார்ப்பதற்கு வெறும் ஃபைலை நகலெடுக்கிற வேலைதான். யூஎஸ்பி கேபிளைச் செருகினால் பெடலின் நினைவகம் கணினித் திரையில் இன்னொரு டிரைவாகத் தெரியும். ஃபைலை இழுத்து அதற்குரிய ஃபோல்டரில் போட்டு, கேபிளைக் கழற்றிவிட்டுப் பெடலை மிதித்தால் டிரம்ஸும் பேஸும் ஒலிக்கத் தொடங்கிவிடும். முதல் சுற்று குறையில்லாமல் போகும். எட்டு பார் முடிந்து மறுபடி ஒன்றாம் பாருக்குத் திரும்புகிற கணத்தில்தான் சிக்கல். ஒரு ‘டிக்’ சத்தம் கேட்கும். அல்லது படியில் கால் இடறியதுபோலத் தாளம் ஒரு கணம் தடுமாறி நிமிரும். வாசிப்பவர் முதலில் தன் விரலைத்தான் சந்தேகிப்பார். பாதி நேரம் விரலில் தவறே இருக்காது. ஃபைலின் வாலும் தலையும் சேருகிற ஒட்டில்தான் தவறு இருக்கும்.

அந்த ஒட்டு மில்லிவினாடிக் கணக்கில் பார்க்க வேண்டிய சமாச்சாரம். காந்த டேப், கணினிக் கணக்கு, மனிதக் காது மூன்றும் அங்கே கூடுகின்றன.

ஒலியை வட்டமாக்கும் முயற்சி பெடல்களுக்கு வெகுகாலம் முந்தியது. 1948-இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர், இசைத்தட்டின் சுருள் பள்ளத்தை மூடிய வட்டமாக்கிப் பயன்படுத்தினார். ஊசி அதைவிட்டு வெளியேற முடியாது. ஒரே ஒலித்துண்டு திரும்பத் திரும்ப வரும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் அந்தத் துண்டின் நீளம் முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் மேல். டேப் வந்தபின் இந்தக் கட்டுப்பாடு போயிற்று. 1963-இல் அதே பாரிஸில் டெர்ரி ரைலி இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே டேப்பை ஓடவிட்டு, முதல் கருவி பதிந்ததை இரண்டாவது கருவி சற்றுத் தாமதமாக வாசித்து மறுபடி முதலாவதற்கே அனுப்பும்படி செய்தார். பத்தாண்டு கழித்து, 1973-இல், ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டாரும் பிரையன் ஈனோவின் இரண்டு ரெக்கார்டர்களும் சேர்ந்து இதே முறையில் ஒரு முழு ஆல்பத்தையே தந்தன. இன்று காலடியில் கிடக்கும் சின்னப் பெட்டியின் மூதாதை அதுதான்.

டேப்பை வளையமாக ஒட்டியவர்கள் ஒட்டின் தொல்லையை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் டேப்பை நேர்க்குறுக்காக வெட்டுவது குறைவு, சாய்வாகத்தான் வெட்டுவார்கள். கால் அங்குல டேப்பை 45 பாகைச் சாய்வில் வெட்டினால் வெட்டின் நீளவாட்டுப் பரப்பும் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். வினாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்தப் பரப்பைக் கடக்க ஏறத்தாழ 33 மில்லிவினாடி ஆகும். அந்த நேரம் முழுக்கப் பழைய ஒலி படிப்படியாகத் தேய்ந்து, புதிய ஒலி படிப்படியாக வளரும். பிளேடின் சாய்வே ஒலியைக் கலந்துவிட்டது! இன்றைய மென்பொருளில் ‘கிராஸ்ஃபேட்’ என்று ஒரு பொத்தான் செய்கிற வேலை இதே வேலை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கைவினை இது.

டிஜிட்டல் நினைவகம் வந்த புதிதில் இடம்தான் பெரும் பஞ்சம். 1994-இல் வந்த லெக்சிகன் ஜாம்மேன் வாங்கிய நிலையில் 8 வினாடி மட்டுமே பதியும். கூடுதல் நினைவகம் பொருத்தினால் 32 வினாடி. நாம் இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளப் போகும் டிராக் அந்த 8 வினாடியில் அடங்காது. நிமிடத்துக்கு 90 பீட், பாருக்கு நான்கு பீட், எட்டு பார். மொத்தம் 32 பீட், 21.33 வினாடி. டேப்பில் இதற்கு நான்கு மீட்டருக்கு மேல் வேண்டும்; அறைக்குள் நாற்காலி முதுகைச் சுற்றி ஓடவிட வேண்டிய நீளம். பெடலுக்குள் இது நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு.

மெகாபைட்டைவிட நமக்குத் தேவையான கணக்கு சாம்பிள் கணக்கு. பெரும்பாலான லூப்பர்கள் வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் இயங்குகின்றன. இந்த எண் காம்பாக்ட் டிஸ்க்கிலிருந்து வந்தது. டிஸ்க்குக்கு வீடியோ ரெக்கார்டரிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் சேமித்தார்கள். படத்தின் ஒரு வரிக்கு 3 சாம்பிள், ஒரு புலத்தில் 245 வரி, வினாடிக்கு 60 புலம்: பெருக்கினால் 44,100. வரி 294, வினாடிக்கு 50 புலம் என்ற ஐரோப்பிய முறையிலும் அதே எண்தான் வரும்.

இனி நம் டிராக். 90 பீட் வேகத்தில் ஒரு பீட்டுக்குச் சரியாக 29,400 சாம்பிள். 32 பீட்டுக்கு 9,40,800. ஏற்றப்போகும் ஃபைலில் இத்தனை சாம்பிள் இருந்தால் ஒட்டு சரியான இடத்தில் விழும். கூடினாலும் குறைந்தாலும் தாளம் பிசகும். இந்த ஒரு எண்ணை ஏற்றுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேலையெல்லாம் அதைக் காப்பாற்றுகிற வேலைதான்.

முதல் ஆபத்து சாம்பிள் வீதத்தில் இருக்கிறது. வீடியோவுக்காகத் தயாரான ஒலி பெரும்பாலும் வினாடிக்கு 48,000 சாம்பிள் கொண்டது. பாஸ் ஆர்சி-3 போன்ற பெடல்கள் 44,100 வீதம், 16 பிட், ஸ்டீரியோ வேவ் ஃபைலை மட்டுமே ஏற்கும், மற்றதைக் கண்டுகொள்ளாது. அது நல்லதுதான். 48,000 வீத ஃபைலை ஒரு கருவி அப்படியே 44,100 வேகத்தில் ஓடவிட்டால் டிராக் ஏறக்குறைய 9 சதவீதம் நீண்டுவிடும். சுருதி ஒன்றரை செமிடோன் அளவுக்கு இறங்கிவிடும். சரியாக ஒரு செமிடோனோ இரண்டோ இறங்கினால்கூட கேபோவை நகர்த்தியோ கார்டை மாற்றியோ சமாளிக்கலாம். ஒன்றரை என்றால் கிட்டாரின் எந்த ஃபிரெட்டிலும் அந்தச் சுரம் கிடையாது. வீதத்தை மென்பொருளில் முறையாக மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது ஆபத்து எம்பி3. இதைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. எம்பி3 ஒலியைச் சட்டகம் சட்டகமாகச் சுருக்குகிறது; ஒரு சட்டகத்துக்கு 1,152 சாம்பிள், குறையவும் முடியாது, கூடவும் முடியாது. தவிர, சுருக்கும் கணக்கில் ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியின்மேல் பாதி படிந்திருப்பதால் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் தானாகச் சேர்ந்துகொள்ளும். பரவலாகப் புழங்கும் லேம் என்ற சுருக்கி தன் பங்குக்கு 576 சாம்பிள் தாமதம் சேர்க்கிறது. விரிக்கும் கட்டத்தில் இன்னும் 529 சேர்கிறது. நம் 9,40,800 சாம்பிளை இந்த வழியில் அனுப்பினால் திரும்பி வருவது குறைந்தது 818 சட்டகம், அதாவது 9,42,336 சாம்பிள். கூடுதல் 1,536. நேரத்தில் 35 மில்லிவினாடி.

35 மில்லிவினாடியை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தோன்றலாம். ஸ்டாக்ஹோமில் ஆண்டர்ஸ் ஃபிரைபெர்க், யோஹான் சுண்ட்பெர்க் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சீரான இடைவெளியில் வரும் ஒலிகளில் ஒன்று மட்டும் இடம் பிசகினால் எவ்வளவு பிசகைக் காது கண்டுபிடிக்கும் என்று அவர்கள் அளந்தார்கள். கால் வினாடியிலிருந்து ஒரு வினாடி வரையிலான இடைவெளிகளில் அந்த வரம்பு இடைவெளியில் ஏறத்தாழ இரண்டரை சதவீதம். நம் பீட் 667 மில்லிவினாடி. இரண்டரை சதவீதம் என்பது 17 மில்லிவினாடி. எம்பி3 சேர்த்த இடைவெளி அதைப்போல இரண்டு மடங்கு. ஹை-ஹாட் அரை பீட்டுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டிருந்தால் வரம்பு 8 மில்லிவினாடிக்கு இறங்கிவிடும்; அப்போது நான்கு மடங்கு. தடுமாற்றம் நம் கற்பனையல்ல. காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கூடவே தனி மெட்ரோனோம் ஓடினால் கதை இன்னும் மோசம். பத்தே சுற்றில் டிராக்கும் மெட்ரோனோமும் அரை பீட்டுக்குமேல் விலகிவிடும்.

அந்த எம்பி3-ஐ வேவ் ஃபைலாக மாற்றினால் தீர்ந்துவிடாது. மௌனம் ஒலியோடு சேர்ந்தே வேவ் ஃபைலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில மென்பொருள்கள் ஃபைலின் தலைப்பில் இருக்கும் குறிப்பைப் படித்து அதை வெட்டிவிடுகின்றன. எல்லாமும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே வெட்டும் வேலையை நாமே செய்துவிடுவது உத்தமம்.

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். ஃபைலைத் திறந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கி, முதல் பீட்டின் கிக் டிரம் எழும்புகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். தேர்வின் நீளத்தைச் சாம்பிளில் காட்டும்படி அமைத்து, அங்கிருந்து 9,40,800 சாம்பிள் தேர்ந்தெடுங்கள். தேர்வின் முடிவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். எட்டாம் பார் முடிந்து அடுத்த கிக் எழுகிற இடத்திலேயே விழுந்தால் டிராக் உண்மையிலேயே 90 வேகத்தில்தான் இருக்கிறது. விலகி விழுந்தால், டிராக்கை வாசித்தது உயிருள்ள டிரம்மராக இருக்கலாம். அப்போது எண்ணை விட்டுவிட்டுக் கிக்கிலிருந்து கிக் வரை வெட்டுங்கள். மனிதத் தாளத்துக்கு மனிதத் தாளமே அளவுகோல்.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெட்டைக் கிக் எழுகிற விளிம்பிலேயே வைக்காமல், தேர்வு முழுவதையும் ஐந்து மில்லிவினாடி பின்னுக்கு நகர்த்துங்கள். தொடக்கம், முடிவு இரண்டும் ஒரே அளவு நகர வேண்டும், நீளம் மாறக் கூடாது. இப்போது ஒட்டு, பழைய சுரம் தேய்ந்து புதிய அடி விழாத இடத்தில் அமையும். வட்டத்துக்குத் தலை எது, வால் எது என்ற கணக்கில்லை; ஒட்டை எந்தப் புள்ளியில் வைப்பது என்பது நம் விருப்பம். ஓசை மிகக் குறைந்த புள்ளியில் வைப்பதே புத்தி.

‘டிக்’ சத்தத்துக்கும் இதுவே பாதி மருந்து. 16 பிட் ஒலியில் ஒவ்வொரு சாம்பிளும் -32,768 முதல் 32,767 வரை ஒரு முழு எண். கடைசிச் சாம்பிள் 9,000 என்றும் முதல் சாம்பிள் -7,000 என்றும் இருந்தால் ஸ்பீக்கரின் கூம்பு ஒரே கணத்தில் 16,000 படி தாவ வேண்டும். இப்படித் திடீரெனத் தாவும் அலையைப் பிரித்துப் பார்த்தால் தாழ்ந்த அதிர்வெண் முதல் உச்சம் வரை எல்லாமே அதில் இருக்கும். ஃபூரியே நமக்குக் கொடுத்துப்போன கணிதம் சொல்வது இது. எந்தச் சுருதியும் இல்லாத, எல்லாச் சுருதியும் கலந்த அந்த ஓசையைத்தான் காது ‘டிக்’ என்கிறது. இரு முனைகளிலும் இரண்டு மூன்று மில்லிவினாடிக்கு ஒலியைத் தேயவும் வளரவும் விட்டால் தாவல் மறைந்துவிடும். டேப்காரர்களின் சாய்வு வெட்டு மறுபடி இங்கே வந்துவிட்டது, அளவில் பத்தில் ஒரு பங்காக.

முனைகளைத் தேய்த்து மட்டும் சரிசெய்ய முடியாத ஒரு குறை உண்டு. எட்டாம் பாரின் கடைசி கார்டுக்கு எதிரொலி வால் இருக்கும். சிம்பலின் ரீங்காரம் இருக்கும். இயல்பாக அது அடுத்த சுற்றின் முதல் பீட்டின்மேல் வழிந்து ஓட வேண்டும். நாமோ சரியாக 9,40,800-இல் கத்தரித்துவிட்டோம். வால் அறுந்துபோய், ஒவ்வொரு சுற்றின் தொடக்கமும் வறண்டு ஒலிக்கும். டிராக்கை நீங்களே மென்பொருளில் அமைத்தவர் என்றால் தீர்வு அழகானது. எட்டு பாரையும் அடுத்தடுத்து இருமுறை ஒலிக்கவிட்டுப் பதினாறு பாராக ஏற்றுமதி செய்யுங்கள். அதில் இரண்டாவது எட்டை மட்டும் வெட்டி எடுங்கள். அதன் தொடக்கத்தில் முதல் எட்டின் வால் ஏற்கெனவே வழிந்திருக்கும். முடிவில் வெட்டுப்படும் வாலின் மிச்சம் தொடக்கத்தில் காத்திருக்கிறது. வட்டம் தன்னைத்தானே நிறைத்துக்கொள்ளும்.

ஒலி அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விற்பனைக்கோ இணையத்துக்கோ தயாரான டிராக்குகள் டிஜிட்டல் உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் உங்கள் கிட்டாரையும் பதியும்போது கூட்டல் எல்லையைத் தாண்டி ஒலி நொறுங்கும். ஏற்றுவதற்கு முன்பே டிராக்கை 6 முதல் 10 டெசிபல் குறைத்துவிடுங்கள். 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் துல்லியம்தான் போகும். மீதமுள்ள 15 பிட்டின் இரைச்சல், ஆம்ப்பின் சொந்த இரைச்சலுக்கு அடியிலேயே அமுங்கிவிடும்.

வெளியேறும் வழிதான் பலரை ஏமாற்றுகிறது. ஹெட்ஃபோனில் அருமையாகக் கேட்ட டிராக், கிட்டார் ஆம்ப் வழியே வரும்போது போர்வைக்குள்ளிருந்து வருவதாக இருக்கும். பெடல்மீது குற்றமில்லை. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் வேலை செய்யும். கிட்டாருக்கு அந்த எல்லையே இனிமை. பேஸ் கிட்டாரின் திறந்த ஈ தந்தியோ 41 ஹெர்ட்ஸ். சிம்பலின் பளபளப்பில் பெரும்பகுதி 5,000-க்கு மேலே. இரண்டும் காணாமல் போகும். ஆனாலும் பேஸின் சுரம் நமக்குப் புரிந்துகொண்டே இருப்பது ஆச்சரியம். 82, 123, 164 ஹெர்ட்ஸ் என அதன் மேல் இசையங்கள் வந்து சேர்வதால், வராத 41-ஐ மூளை தானே கணக்கிட்டுக்கொள்கிறது. சுரம் கிடைக்கும், கனம் கிடைக்காது. வசதி இருந்தால் டிராக்கை மிக்சர் வழியாகவோ ஹெட்ஃபோனிலோ கேளுங்கள்.

டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் லூப்பரை வைத்துவிட்டால் நிலைமை மிகக் கெட்டது. டிஸ்டார்ஷன் என்பது நேர்விகிதமில்லாத சுற்று. அதற்குள் இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து நுழைந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிதாகப் பிறக்கும். 220 ஹெர்ட்ஸ் ஏ-யும் 277 ஹெர்ட்ஸ் சி ஷார்ப்பும் சேர்ந்தால் 57 ஹெர்ட்ஸ் ஒன்று தோன்றும். அது 55-இல் இருக்கும் ஏ-யும் அல்ல, 58-இல் இருக்கும் ஏ ஷார்ப்பும் அல்ல. முழு இசைக்குழுவையே அதற்குள் செலுத்தினால் இப்படி நூற்றுக்கணக்கான அந்நியச் சுரங்கள். முதலில் டிஸ்டார்ஷன், பிறகு லூப்பர் என்ற வரிசையே சரி. ஆம்ப்பே ஒலியை உடைக்கிறது என்றால் லூப்பரை ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப் துளைகளில் இணைக்க வேண்டும்.

ஒட்டு சரியானபின் பயிற்சி. ஒரே டிராக்கை ஓடவிட்டு ஒரே சோலோ வரியை அரை மணி நேரம் வாசிக்கும் ஆசையை லூப்பர் மிகச் சுலபமாகத் தூண்டிவிடும். வாசிக்க வாசிக்க விரல் தேறுவதும் தெரியும். ஆனால் அன்றைய தேர்ச்சியும் மறுநாள் மிஞ்சும் தேர்ச்சியும் ஒன்றல்ல. இயக்கத் திறன்களில் ஜான் ஷே, ராபின் மார்கன் இருவரும் 1979-இலேயே காட்டியது இது: பணிகளைக் கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது தடுமாறினாலும் பிற்பாடு நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கிளாரினெட் கலைஞர்களிடம் 2016-இல் வெளியான ஓர் ஆய்விலும், மாற்றி மாற்றிப் பயிலும் முறையே பெரும்பாலும் மேலாக இருந்தது. லூப்பரின் நினைவக எண்கள் இதற்குத் தோதானவை. பாஸ் ஆர்சி-5 போன்ற பெடலில் 99 இடங்கள் உண்டு. 1-இல் ஏ மைனர், 2-இல் டி மேஜர் ஷஃபிள், 3-இல் ஆறு பீட் தாளம் என்று அடுத்தடுத்து ஏற்றி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை காலால் தாண்டிக்கொண்டே இருங்கள்.

வேகத்தைக் குறைத்துப் பயில்வதற்கும் தனித்தனி ஃபைல்களே மேல். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் கணக்குகள் ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, மேற்படியவைத்து நீட்டுகின்றன. ஒலியைத் துகள்களாகப் பார்க்கலாம் என்று டென்னிஸ் காபோர் 1946-லேயே எழுதியதன் வழிவந்தவை இவை. நீட்டப்பட்ட டிரம் அடி மழுங்கிப்போகும் என்பது இதன் பலவீனம். மென்பொருளில் நீங்களே அமைத்த டிராக் என்றால் 72 வேகத்தில் புதிதாகவே ஏற்றுமதி செய்யுங்கள். 11,76,000 சாம்பிள் இருக்க வேண்டும்.

நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்லும் ஒரு டிராக் உண்டு. எட்டு பாரில் ஆறு பார் ஒலிக்கும். கடைசி இரண்டு பார் வெறும் பூஜ்யங்கள். ஃபைலின் நீளம் மாறாது, ஒலி மட்டும் நின்றுவிடும். அந்த எட்டு பீட்டையும் நீங்களே தாங்கி, ஒட்டு வரும் கணத்தில் சரியாக ஒன்றாம் பீட்டில் இறங்க வேண்டும். உளவியலில் இது பழைய சோதனை. தாளம் நின்றபின் அதே தாளத்தில் தட்டிக்கொண்டே போகச் சொல்லி 1886-இலேயே லூயிஸ் ஸ்டீவன்ஸ் அளந்திருக்கிறார். 1973-இல் ஆலன் விங்கும் ஆல்ஃபிரட் கிறிஸ்டோஃபர்சனும் பிசகு இரண்டு இடங்களிலிருந்து வருவதைப் பிரித்துக் காட்டினார்கள்: ஒன்று, மூளைக்குள் ஓடும் கடிகாரத்தின் அலைவு, மற்றது, கட்டளை விரலைச் சேர்ந்து அசைவாக மாறுவதில் உள்ள அலைவு. பீட்டின் இடைவெளி நீள நீள முதலாவது வளர்கிறது. இரண்டாவது ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

அதனால் இந்த டிராக்கை 90-இல் ஒன்று, 60-இல் ஒன்று, 45-இல் ஒன்று என மூன்று இடங்களில் ஏற்றுங்கள். 60-க்கு 14,11,200 சாம்பிள், 45-க்கு 18,81,600. 90-இல் தவறினால் பெரும்பாலும் விரலைக் கவனிக்க வேண்டும். 45-இல் மட்டும் தவறினால் கடிகாரத்தை. 45-இல் மௌனம் பத்தரை வினாடிக்கு மேல் நீளும். தொடக்கத்தில் ஒவ்வொரு பீட்டையும் மனதுக்குள் நான்காகப் பிரித்து எண்ணிக்கொண்டு கடந்துவிடுங்கள். அது பழகியபின் இரண்டாகப் பிரியுங்கள். பிறகு பீட்டை மட்டும்.